பூ மார்க்கெட் தராசை அதிகாரியை வைத்துச் சோதிக்கச் சொல்வது எப்படி?

மல்லித்தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு நாற்பது சென்ட்டில் மல்லி. நான் டவுனில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். விடிவதற்கு முன்னால் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு அம்மாவோடு மொட்டுப் பறித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். பூவை ஈரத்துணிப் பையில் கட்டி அப்பா டிவிஎஸ் எக்ஸெல்லில் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். கமிஷன் கடையில் எடை போட்டு, அவர்கள் தரும் சிட்டையோடு வருவார்.

போன மாதம் ஆன்லைனில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு வாங்கினேன். பத்து கிலோ வரை காட்டும். அன்றைக்குத் தமாஷாகத்தான் போட்டுப் பார்த்தேன். பை இல்லாமல் வெறும் பூ 6 கிலோ 240 கிராம். சிட்டையில் 5 கிலோ 950. மறுநாளும் அதே கதை, அதற்கு மறுநாளும் அதே கதை. தினமும் 250-லிருந்து 300 கிராம் எங்கேயோ போகிறது. இப்போது சீசன், கிலோ 400 ரூபாய்தான். அப்படிப் பார்த்தாலும் ஒரு நாளைக்கு நூறு ரூபாய்க்கு மேல். தை மாதம் விலை ஏறுகிறபோது இதே 290 கிராம் எவ்வளவு என்று கணக்குப் போட மனசு வரவில்லை.

அப்பாவிடம் சொன்னால், "பூ ஈரம் காயும்மா, அப்படித்தான்" என்கிறார். எங்கள் ஊரிலிருந்து மார்க்கெட் முக்கால் மணி நேரம். அதற்குள் இவ்வளவு காயுமா?

கடைத் தராசின் எண் தெரியும் பலகை கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பியிருக்கிறது. நம் பக்கத்திலிருந்து தெரியாது. எட்டிப் பார்த்தால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

அரசாங்கத்தில் தராசைச் சோதிக்க ஆள் உண்டு என்று கேள்விப்பட்டேன். யாரிடம் போவது? தாலுகா ஆபீஸா, மார்க்கெட் கமிட்டியா, போலீஸா? மனுவில் என்ன எழுதுவது? நம் பெயர் வெளியே தெரியுமா?

கருவாச்சி_காடு

முதலில் ஒன்று சொல்லுங்கள், அந்தக் கடையில் முன்பணம் வாங்கியிருக்கிறீர்களா?

மல்லித்தோட்டம்

ஆமாம். போன வருடம் போர் மோட்டார் மாற்றுவதற்கு முப்பதாயிரம். வட்டி கிடையாது. ஆனால் பூவை அங்கேதான் போட வேண்டும்.

கருவாச்சி_காடு

அப்படியென்றால் அந்த 290 கிராம்தான் வட்டி. நான் கிண்டல் செய்யவில்லை. எங்கள் பக்கம் செவ்வந்திக்கும் இதே கூத்துதான். மனுக் கொடுத்தால் அதிகாரி வருவார், தராசைப் பார்ப்பார், போய்விடுவார். மறுநாள் உங்கள் அப்பா அதே கடை வாசலில் பையோடு நிற்க வேண்டும். யோசித்துச் செய்யுங்கள்.

தராசு மெக்கானிக்

தங்கச்சி, நான் இருபது வருடத்துக்கு மேலாகத் தராசு ரிப்பேர் தொழில் செய்கிறவன். லைசென்ஸ் உண்டு. கடைக்காரர்களின் தராசை, அரசாங்கம் சோதித்துப் போடுகிற முத்திரைக்கு எடுத்துப் போவதும் எங்கள் வேலைதான். அதனால் இரண்டு பக்கமும் தெரியும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

யாரிடம் போவது என்று கேட்டாய். தமிழ்நாட்டில் எடையளவு விஷயம் தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். தொழிலாளருக்கும் தராசுக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். ஆனால் அப்படித்தான். மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கும். அவருக்குக் கீழே துணை ஆய்வாளர், உதவி ஆய்வாளர், முத்திரை ஆய்வாளர் இருப்பார்கள். தாசில்தாரிடம் போனால் அவர் மனுவை வாங்கி அங்கேதான் அனுப்புவார், நாள்தான் வீணாகும். போலீஸ் வேண்டவே வேண்டாம்.

சட்டத்தின் பெயர் சட்டமுறை எடையளவு சட்டம், 2009. கடைக்குள் நுழைந்து தராசைச் சோதிக்கவும், சரியில்லை என்றால் பறிமுதல் செய்யவும் அதில் அதிகாரம் இருக்கிறது. எலெக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒருமுறை முத்திரை போட்டாக வேண்டும். இரும்பு எடைக்கல்லுக்கும் பழைய கைத்தராசுக்கும் இரண்டு வருடம். முத்திரை போட்டதற்கு மறுபரிசீலனைச் சான்று என்று ஒரு தாள் கொடுப்பார்கள். அதைக் கடையில் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். பெரும்பாலும் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும், அது வேறு விஷயம்.

இப்போது மனு எழுதுவதற்கு முன்னால் நீ செய்ய வேண்டியது.

உன் வீட்டுத் தராசை ஆதாரம் என்று நீட்டாதே. அதன் அடியைப் புரட்டிப் பார், வியாபாரத்துக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பான். அது வீட்டில் கேக் மாவு நிறுக்கச் செய்தது. எலெக்ட்ரானிக் தராசு உண்மையில் பொருள் கீழே எவ்வளவு அழுத்துகிறது என்றுதான் பார்க்கிறது. பூமி இழுப்பது ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். டெல்லியில் சரிசெய்த தராசை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்து வைத்தால் 10 கிலோவுக்குச் சுமார் 10 கிராம் குறைவாகக் காட்டும். அதனால்தான் எங்கே பயன்படுத்துகிறோமோ அங்கே வைத்து அளவு சரிசெய்கிறோம்.

ஆனால் 10 கிராம் எங்கே, 290 கிராம் எங்கே. அதனால் உன் சந்தேகம் வீண் என்று சொல்ல மாட்டேன்.

பூவை வைத்துச் சோதிக்காதே, அது காயும், சொட்டும். காயாத, சிந்தாத பொருளாக எடு. ஒரு செங்கல், இல்லையென்றால் பழைய இரும்புத் துண்டு. பாலிதீனில் கட்டி உன் தராசில் நிறுத்துப் பார். அதையே ரேஷன் கடையிலோ, பால் சொசைட்டியிலோ, தெரிந்த மளிகைக் கடையிலோ நிறுத்துப் பார். இரண்டு மூன்று இடத்தில் ஒரே எண் வந்தால் உன் தராசு நம்பத்தக்கது. உப்புப் பாக்கெட்டை எடைக்கல் மாதிரிப் பயன்படுத்தாதே. ஒரு கிலோ பாக்கெட்டில் 15 கிராம் வரை கூடக்குறைய இருக்க விதியே இடம் கொடுக்கிறது.

அப்புறம் கடைத் தராசில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அப்பாவைப் போகிற போக்கில் போனில் ஒரு போட்டோ எடுக்கச் சொல். அதில் அதிகபட்ச எடை, குறைந்தபட்ச எடை, ஆங்கில 'இ' (e) என்று ஓர் அளவு, அதாவது எடை எத்தனை கிராம் படியாக ஏறுகிறது என்பது, பக்கத்தில் தராசின் துல்லிய வகுப்பைக் காட்டும் ரோமன் எண் மூன்று போட்டிருக்கும். பூக்கடையில் அநேகமாக 30 கிலோ தராசு, 'இ' 5 கிராம். அந்த மாதிரித் தராசில் இரண்டரைக் கிலோவுக்கு மேல் 10 கிலோ வரை முத்திரை போடும்போது 5 கிராம் வித்தியாசம் அனுமதி. கடையில் வந்து சோதிக்கும்போது அதில் இரண்டு மடங்கு, அதாவது 10 கிராம். அதற்கு மேல் போனால் தராசு தேறாது.

முத்திரை எங்கே என்று பார். ஒரு சின்ன ஈயக் குண்டு, கம்பி கோத்து நசுக்கியிருக்கும். அதில் வருடத்தின் கடைசி இரண்டு எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஏ, அடுத்த மூன்று மாதம் பி, அப்புறம் சி, கடைசி மூன்று மாதம் டி. கம்பி அறுந்திருந்தாலோ, ஈயம் இல்லாவிட்டாலோ உள்ளே யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அளவு மாற்றுகிற சுவிட்ச் அந்தச் சீலுக்கு உள்ளேதான் இருக்கிறது. ரிமோட் வைத்துக் குறைக்கிற தராசும் நான் பார்த்திருக்கிறேன், மேஜைக்கு அடியில் முழங்காலால் அமுக்குகிற பட்டனும் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் ரிப்பேருக்கு என்னிடம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். எனக்கு லைசென்ஸ் முக்கியம்.

எடை குறைவது தராசினால்தான் என்று முன்கூட்டியே முடிவு கட்டாதே. இதை மட்டும் மனதில் வை.

தோவாளை_மருமகள்

மெக்கானிக் அண்ணன் சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு. நேரம்! பூ மார்க்கெட் விடியற்காலை நாலு மணிக்கு ஆரம்பித்து எட்டு, ஒன்பதுக்கெல்லாம் முடிந்துவிடும். நாங்கள் ஒருமுறை மனுப் போட்டோம், அதிகாரி பதினொன்றரைக்கு வந்தார். கடையில் வாழைநாரும் ஒரு பூனையும்தான் இருந்தன. தராசைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். அவர் சான்றைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அதனால் மனுவில் "காலை 5 மணியிலிருந்து 8 மணிக்குள் வந்து, பூ எடை போடும்போதே சோதிக்க வேண்டும்" என்று தனி வரியாக எழுதுங்கள். இரண்டாவது முறை அப்படி எழுதித்தான் வந்தார்கள்.

இன்னொன்று. ஒரு கடையின் பெயரை எழுதாதீர்கள், மார்க்கெட் முழுவதையும் சோதிக்கச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து பேர் கையெழுத்துப் போடுங்கள். யார் கொளுத்திப் போட்டது என்று யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கும் சங்கடம் இருக்காது.

(எனக்கு ஒரு நெடுநாள் சந்தேகம். நாம் கிலோவில் விற்கிறோம், அதே பூவைத் தெருவில் முழத்தில் விற்கிறார்கள். முழம் என்றால் யார் முழம்? என் மாமியார் கையா, என் கையா?)

தராசு மெக்கானிக்

சட்டப்படி முழம் கிடையாது, மீட்டர்தான். கூடைக்காரப் பாட்டியிடம் போய்ச் சொல்லுங்கள், என்ன பதில் வருகிறதென்று பார்ப்போம்.

நேரம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் மறந்தேன்.

மனுவை எங்கே கொடுப்பது என்றால், நேராகத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் கொடுத்து, ஜெராக்ஸில் சீலும் தேதியும் போட்டு வாங்கு. அது போதும். வேகம் வேண்டும் என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடு, மனு எண் கிடைக்கும். மாதம் ஒருமுறை நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டம் இன்னும் நல்லது. எல்லாத் துறை அதிகாரியும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள், கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். போனில் என்றால் முதல்வரின் முகவரி 1100, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டிஎன்-எல்எம்சிடிஎஸ் என்று துறைக்கே ஒரு செயலியும் இருக்கிறது. பெயரை வெளியிட வேண்டாம் என்று மனுவிலேயே எழுதிவிடு.

மனுவில் கோபத்தைக் கொட்டாதே. "கொள்ளையடிக்கிறார்கள், திருடுகிறார்கள்" என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், கடைசியில் மார்க்கெட் எந்தத் தெரு என்று இருக்காது. இடம், நேரம், எந்த மாதிரித் தராசு, எந்தத் தேதியில் எவ்வளவு வித்தியாசம், சிட்டை நகல். ஒரு பக்கத்துக்குள் முடி.

முக்கியமான ஒன்று. "தராசைச் சோதிக்க வேண்டும்" என்று மட்டும் எழுதாதே. "எடை போடும் முறையையும், பைக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதையும் சிட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்" என்று சேர்த்து எழுது. விற்கிறவன் குறைத்துக் கொடுப்பது மட்டும் குற்றமில்லை. வாங்குகிறவன் காசு கொடுத்த எடைக்கு மேல் ஏமாற்றி வாங்கிக்கொள்வதும் அதே சட்டத்தில் 30-ஆம் பிரிவில் குற்றம்தான். இது விவசாயிகளில் நிறையப் பேருக்குத் தெரியாது. தராசுக்காரன் நானே சொல்கிறேன், நான் பார்த்த வரையில் பத்துத் தகராறில் ஏழு தராசில் இல்லை, பேனாவில்தான் இருக்கிறது.

மல்லித்தோட்டம்

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. செங்கல் நிறுத்தாயிற்று! என் தராசில் 2 கிலோ 865, பால் சொசைட்டியில் 2 கிலோ 870, மளிகைக்கடையில் 2 கிலோ 865. பால் சொசைட்டிச் செயலாளர், "செங்கலில் என்னம்மா கொழுப்புப் பார்க்கவா?" என்று கேட்டுச் சிரித்தார்.

பைக்குக் கழிப்பது பற்றி அப்பாவிடம் கேட்டேன். "எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றார். எவ்வளவு என்று அவருக்கே தெரியவில்லை. மனுவில் எங்கள் ஊரிலிருந்தும் பக்கத்து ஊரிலிருந்தும் பதினாலு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அப்பா போடவில்லை. அம்மா போட்டார்.

கருவாச்சி_காடு

அம்மாவுக்கு என் வணக்கம்.

மல்லித்தோட்டம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டும்.

போன வியாழக்கிழமை வந்தார்கள். அன்றைக்கு எனக்கு வார விடுமுறை, அப்பாவோடு நானும் போயிருந்தேன். ஐந்தே முக்கால் இருக்கும். ஒரு ஜீப், இரண்டு அதிகாரிகள், உதவிக்கு ஒருவர். ஒரு மரப்பெட்டியைத் தூக்கிவந்தார்கள். திறந்தால் உள்ளே சிவப்புத் துணியில் பதித்து வைத்த எடைக்கற்கள், பளபளவென்று. அதைக் கையால் தொடாமல் துணியால் பிடித்து எடுத்தார். மார்க்கெட்டே கொஞ்ச நேரம் சத்தம் அடங்கிவிட்டது. மூன்றாவது கடையில் ஒருவர் தராசைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போகப் பார்த்தார், அவரை நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் கமிஷன் கடைக்கு வந்ததும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. முதலில் தராசின் காலைத் திருகி மட்டம் சரிசெய்தார், குமிழ் நடுவில் வந்ததும் ஒன்றுமில்லாமல் சுழியம் காட்டுகிறதா என்று பார்த்தார். அப்புறம் ஒரு கிலோ, இரண்டு, ஐந்து, பத்து. அப்புறம் ஒரே கல்லைத் தட்டின் நாலு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்தார். ஐந்து கிலோவுக்கு 4 கிலோ 995 காட்டியது. அவ்வளவுதான். ஈயச் சீல் இருந்தது, சான்றும் இந்த வருடத்துடையது. தராசு சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டார்.

எனக்கு முகம் செத்துப்போச்சு. பதினாலு பேரிடம் என்ன சொல்வது?

அப்போதுதான் மெக்கானிக் அண்ணன் எழுதச் சொன்ன அந்த வரி வேலை செய்தது. அதிகாரி மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்போது எடை போட்ட பூ எது?" என்று கேட்டார். அப்பா பைதான் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. சிட்டையில் 5 கிலோ 50 என்று எழுதியிருந்தது. பையோடு திரும்பத் தூக்கி வைத்தார், 5 கிலோ 380. பூவை ஒரு தட்டில் கொட்டிவிட்டு வெறும் ஈரப்பையை மட்டும் வைத்தார். 110 கிராம். அப்படியென்றால் பூ 5 கிலோ 270. "மீதி 220 கிராம் எங்கே?" என்றார். கணக்குப்பிள்ளை சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "ஐம்பதுக்குக் கீழ் வந்தால் விட்டுடுவோம் சார், பைக்கு முந்நூறு கழிப்போம். இது எங்க அப்பா காலத்து வழக்கம்."

ஐந்து கிலோ 380, ஐந்து கிலோ 350 ஆகிறது. அதில் 300 போனால் 5 கிலோ 50. கணக்கு அவ்வளவு சுத்தம்! அன்றைக்கு வீட்டில் நான் நிறுத்தது 5 கிலோ 320. ஆக, அப்பா சொன்னபடி காய்வது 50 கிராம். அதுவும் உண்மைதான், அப்பாவுக்கு அந்த மட்டில் வெற்றி.

கடை மேல் வழக்கு எழுதினார்கள். வேறு நாலு கடைகளில் மறுமுத்திரை போடாத தராசுகளைப் பறிமுதல் செய்தார்கள். எண் தெரியும் பலகையை விவசாயி பக்கமும் தெரியும்படி வைக்கச் சொன்னார்கள்.

முதலாளி அப்பாவிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "உன் மகள் நல்லாக் கணக்குப் படிச்சிருக்கா" என்றாராம். அது பாராட்டா மிரட்டலா என்று அப்பாவுக்குப் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. முன்பணம் இன்னும் பாக்கி இருக்கிறது. இப்போது பைக்கு நூற்றைம்பது கழிக்கிறார்கள். மற்ற இரண்டு கடைகளில் திரும்பவும் இருநூறு வந்துவிட்டது என்று கேள்வி.

ஒவ்வொரு முறையும் பையைத் தனியாக நிறுக்கச் சொன்னால் வரிசையில் நிற்கிறவர்கள் கத்துகிறார்கள். இதற்கு என்ன வழி?

தராசு மெக்கானிக்

துணிப்பையை விடு. ஈரம் குடிக்கக் குடிக்க அதன் எடை மாறும், அவனுக்கு அதுதான் வசதி. பூ உடையாத மாதிரி ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடை ஒன்று வாங்கு, உள்ளே வாழையிலை மட்டும் விரி. வெறும் கூடையை இலையோடு ஒருமுறை அவன் தராசிலேயே, அவன் கண் முன்னால் நிறு. அந்த எண்ணை ஆயில் பெயின்டில் கூடையின் இரண்டு பக்கமும் பெரிதாக எழுது. இலைக்காக ஒரு பத்து கிராம் முன்னே பின்னே போனால் விட்டுக்கொடு, அதில் சண்டை வேண்டாம்.

பதினாலு பேரும் ஒரே மாதிரிக் கூடை வாங்குங்கள். மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். ஒருத்தர் மட்டும் எழுதிக்கொண்டு போனால் திமிர் என்பான், பதினாலு பேர் போனால் அதுவும் ஒரு வழக்கமாகிவிடும்.

தோவாளை_மருமகள்

பெயின்ட் சிவப்பாக இருக்கட்டும். இருட்டில் டார்ச் அடித்தாலும் தெரியும்.